குட்டிக்கரணம் போடும் மகளும் அடுப்படி அம்மாவும்

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தறிச் சத்தம் பழகிப்போன காது. பக்கத்துக் கொட்டகையில் விசைத்தறி கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும்போதே குழந்தைகளைத் தொட்டிலில் போட்டுத் தூங்க வைத்தவள் நான். தறி நின்றால்தான் எங்களுக்குத் தூக்கம் கலையும்! அப்படிப்பட்ட எனக்கே ஒரு நாள் சாயங்காலம் 'தொம்' என்று கேட்ட சத்தம் வயிற்றைக் கலக்கிவிட்டது. கொதித்துக்கொண்டிருந்த குழம்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். கூடத்தில் பவானி ஜமக்காளத்தை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் எங்கள் சின்னவள் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு எட்டு வயது.

"பயப்படாதேம்மா, பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாங்க. பின்னாடி வளைஞ்சு பாலம் போடறேன், பாக்கறியா?" என்றாள்.

பத்தாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கு, ஜிம்னாஸ்டிக்ஸ் என்றால் சர்க்கஸ் மாதிரி ஏதோ ஒன்று என்றுதான் தெரியும். சரி, குழந்தை ஆசைப்படுகிறாள் என்று சனி, ஞாயிறுகளில் பாலம் தாண்டி, பஸ் மாறி, பக்கத்து ஊரில் நடக்கும் வகுப்புக்கு அழைத்துப் போக ஆரம்பித்தேன். ஒரு மணி நேரம் ஆடுவாள். வந்து சாப்பிட்டுத் தூங்கிவிடுவாள். மூன்று வருடம் இப்படியே சுகமாக ஓடியது.

பதினொன்றாவது வயதில்தான் பிரச்னை வந்தது. பிரச்னை என்றால் நல்ல பிரச்னைதான்! ஒரு ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அம்மா, பாப்பாவுக்கு உடம்பு நல்லா வளையுது, தைரியமும் இருக்கு. இனிமே போட்டிக்குப் போறவங்க பிரிவுல சேர்த்துடலாம். ஆனா வாரத்துக்கு அஞ்சு நாள், தினம் ரெண்டரை மணி நேரம் வரணும். வீட்ல கலந்து பேசிட்டுச் சொல்லுங்க" என்றார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்குக் கால் தரையிலேயே பாவவில்லை. ஆனால் ராத்திரி வீட்டில் பேச்சு வந்ததும் ஆளுக்கு ஒரு கட்சி!

"ஏனுங்க, சேர்த்துடலாமுங்களா?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன். "படிப்பு கெடாம இருந்தாச் சரி" என்று சொல்லிவிட்டு அவர் தறிக்கொட்டகைக்குப் போய்விட்டார். என் மாமியார்தான் விடவில்லை. "இன்னும் ஒண்ணு ரெண்டு வருஷத்துல பெரிய மனுசி ஆகப்போற புள்ளை. கை கால் ஒடிஞ்சா யாரு பொறுப்பு அம்மிணி?" என்றார். எனக்கு அன்று அத்தைமேல் கோபம்தான் வந்தது. இப்போது யோசித்தால், அன்று சரியான கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவர்தான்!

என்ன மாறுகிறது?

பொழுதுபோக்கு வகுப்புக்கும் போட்டிப் பிரிவுக்கும் உள்ள வித்தியாசம், அரிவரிக்கும் ஆறாம் வகுப்புக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி. போட்டியில் பெண்களுக்கு நாலு உருப்படி. ஓடி வந்து கை ஊன்றித் தாண்டும் வால்ட், உயரமும் தாழ்வுமாக இருக்கும் இரட்டைக் கம்பி, பீம் என்கிற உத்திரம், அப்புறம் 12 மீட்டருக்கு 12 மீட்டர் சதுரத் தரையில் இசையோடு ஆடுவது. இதில் பீம் இருக்கிறதே, அதன் அகலம் 10 சென்டிமீட்டர்தான். நம் உள்ளங்கையை வைத்தால் கிட்டத்தட்ட மூடிவிடும். உயரமோ 1.25 மீட்டர், நம் சமையல் மேடையைவிட உயரம். அதன்மேல்தான் நடக்க வேண்டும், குதிக்க வேண்டும், கரணமும் போட வேண்டும்.

இதைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். நல்ல இடங்களில் எடுத்தவுடன் மேலே ஏற்றிவிட மாட்டார்கள். முதலில் தரையில் போட்ட கோடு. அப்புறம் தரையோடு ஒட்டிய கட்டை. அதற்கப்புறம் முழங்கால் உயரம். கடைசியில்தான் முழு உயரம், அதுவும் சுற்றிலும் மெத்தை போட்டு. சின்னவளும் கூடத்தில் சாக்பீஸால் இரண்டு கோடு இழுத்து அதற்குள்ளேயே நடந்து பழகுவாள். "இதென்னடி கோலம், புள்ளி இல்லாம!" என்பார் அத்தை.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். கோட்டில் நடப்பது, உடம்பை வளைத்து இழுப்பது, ஒற்றைக்காலில் நிற்பது, இவ்வளவுதான் வீட்டில். குட்டிக்கரணம் மெத்தையும் மாஸ்டரும் இருக்கும் இடத்தில்தான். சிமெண்ட் தரையில் ஜமக்காளத்தை நாலாக மடித்தாலும் சரி, எட்டாக மடித்தாலும் சரி, அது மெத்தை ஆகாது.

இன்னொரு மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. பழைய வகுப்பில் எங்கள் சின்னவள்தான் முதல். புதுப் பிரிவில் அவள்தான் கடைசி! முதல் மாதம் முழுக்க வீட்டுக்கு வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். "அந்தக்கா எல்லாம் எப்படிப் பண்றாங்க தெரியுமா..." என்று இழுப்பாள். அப்போது அவளை யாரோடும் ஒப்பிடாமல், "போன வாரம் வராதது இந்த வாரம் எது வந்துச்சு கண்ணு?" என்று மட்டும் கேட்டுப் பழகினேன். அதற்குத் தினமும் ஏதாவது ஒரு பதில் இருந்தது.

நான் செய்த தவறு

இங்கேதான் என் மானத்தை விட்டு ஒன்று சொல்ல வேண்டும்.

பயிற்சி முடியும் வரை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்களுக்குள் ஒரு பேச்சு ஓடும். "உடம்பு கூடிட்டா அவ்வளவுதான். கரணம் ஏறாது. நான் என் பொண்ணுக்கு ராத்திரி சோறே போடறதில்லை" என்றார் ஒருவர். மாஸ்டர் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. நானாகவே கேட்டுக்கொண்டேன். சின்னவளுக்கு ராத்திரிச் சாப்பாட்டை ஒரு இட்லியாகக் குறைத்தேன். நெய்யை நிறுத்தினேன். காலையில் பசிக்கிறது என்றால் ஒரு டம்ளர் டீ. குழந்தையும் வாய் திறக்காமல் சாப்பிட்டது. அம்மா செய்வது நல்லதற்குத்தான் என்று நம்புகிற வயசு!

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள், மெத்தைமேல் நின்றிருந்தவள் கண் இருட்டி அப்படியே சரிந்துவிட்டாள். நல்லவேளை, அப்போது பீம்மேல் இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு நடுங்குகிறது.

டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்தார். ஹீமோகுளோபின் 9.2 தான் இருந்தது. அந்த வயதுக் குழந்தைக்கு 11.5-க்குக் குறையக் கூடாதாம். 12 வயதானால் 12. "ஐந்து நாள் ஆட விடறீங்க, சோறு மட்டும் போட மாட்டீங்களா? வளர்ற குழந்தைக்கு நீங்களே உலை வைக்கலைன்னா எப்படிம்மா?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை.

அவர் விளக்கியதை அப்படியே சொல்கிறேன். ஆடுகிற குழந்தைக்கு இரண்டு செலவு உண்டு. ஆட்டத்துக்கு ஒன்று, வளர்ச்சிக்கு ஒன்று. வரும்படி போதாவிட்டால் உடம்பு வளர்ச்சியில் கை வைக்கும். எலும்பு பலம் குறையும், மாதவிடாய் தள்ளிப்போகும் அல்லது நின்றுபோகும், சின்ன அடிக்கே காயம் ஆகும், எதிலும் மனம் செல்லாது. உலகம் முழுக்க விளையாட்டுப் பெண்களிடம் இதைப் பார்த்துப் பார்த்து, சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் மருத்துவ நிபுணர்கள் 2014-ல் இதற்கென்றே ஒரு பெயர் வைத்தார்களாம். அதை நான் குமாரபாளையத்தில், என் அடுப்படியிலேயே உண்டாக்கிவிட்டேன்!

வீட்டுக்கு வந்ததும் அத்தை ஒன்றும் சொல்லவில்லை. அரிசியும் பருப்பு சாதத்தை வடித்து, நெய் ஊற்றி, பேத்தியின் வாயில் ஊட்டினார். அதுவே எனக்குப் போதுமான திட்டு.

இப்போது எங்கள் வீட்டுச் சாப்பாடு

விசேஷமாக ஒன்றும் இல்லை. நம் ஊர்ச் சாப்பாடுதான். காலையில் இட்லியோ சந்தகையோ, கூட ஒரு முட்டை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பஸ்ஸில் சாப்பிட வாழைப்பழமும் வேகவைத்த நிலக்கடலையும். சில நாள் எள்ளுருண்டை. பயிற்சி முடிந்து வந்து ஒரு மணி நேரத்துக்குள் வயிறு நிறையச் சாப்பாடு: அரிசியும் பருப்பும், அல்லது சோறும் கொள்ளுப் பருப்பும், ஒரு கீரை, தயிர். வாரம் இரண்டு நாள் ராகிக் களி. எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தில் ராகியை அடிக்கிற தானியம் கிடையாது. இரும்புச் சத்துக்குக் கம்பு, முருங்கைக்கீரை, எள். சாப்பாட்டோடு எலுமிச்சம்பழமோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்புச் சத்து உடம்பில் ஒட்டும். சாப்பிட்டதும் டீ குடித்தால் ஒட்டாது. அதனால் டீயை நிறுத்திவிட்டேன்.

டாக்டரம்மா சொன்னபடி மூன்று மாதம் இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தோம். பள்ளியில் கொடுக்கும் குடற்புழு மாத்திரையையும் தவறாமல் போட வைத்தேன். அதைப் பல பிள்ளைகள் வாயில் ஒதுக்கிவைத்துத் துப்பிவிடும், கவனியுங்கள். வீட்டில் எடை பார்ப்பது கிடையாது. எடை பார்க்க வேண்டுமானால் டாக்டர் பார்க்கட்டும்.

எத்தனை மணி நேரம்?

விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது. குழந்தைக்கு எத்தனை வயதோ, வாரத்துக்கு அத்தனை மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது. வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு. எங்களுக்கோ வயது 11, பயிற்சி பன்னிரண்டரை மணி. அதுவும் இரண்டு மணி நேரத்திலிருந்து ஒரே தாவாகத் தாவியிருக்கிறோம்!

தயங்கித் தயங்கி மாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். கோபித்துக்கொள்வாரோ என்று பயம். "மயக்கம் போட்டது எதனாலன்னு நீங்க அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார், அவ்வளவுதான். மறுபடி மூன்று நாளில் ஆரம்பித்து, இரண்டு மாதம் கழித்து நாலு நாள் ஆக்கினார். கேட்டால் குறைத்துக் கொடுக்கிறவர்தான் நல்ல மாஸ்டர். கேட்டதற்கே முகம் சுளிப்பவர் என்றால் யோசிக்க வேண்டும்.

தூக்கமும் கணக்கில் சேர்த்திதான். பன்னிரண்டு வயது வரை 9 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. அதற்கு மேல் 8 மணி நேரமாவது வேண்டும். இதற்காக ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் எங்கள் வீட்டில் டி.வி.யும் செல்போனும் கிடையாது. என் சீரியல் போனதுதான் எனக்கு நஷ்டம்!

வலி, பயம், வயது

ஆடி வந்தால் கால் கை அசதி இருக்கும். ஒன்றிரண்டு நாளில் போய்விடும். ஆனால் ஒரே இடத்தில், தொட்டால் வலிக்கிற வலி வேறு. ஜிம்னாஸ்டிக்ஸில் கை ஊன்றி முழு உடம்பையும் தாங்குவதால் மணிக்கட்டு அடி வாங்கும். வளரும் பிள்ளைகளின் எலும்பு முனையில் வளர்ச்சி நடக்கிற இளம் பகுதி இருக்கிறது. அது பாதிக்கப்பட்டால் எலும்பின் வளர்ச்சியே கெடும். அதனால் மூட்டு வலி நாலைந்து நாளுக்கு மேல் நீடித்தால், எண்ணெய் தேய்த்து உருவி விடாமல் எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள்.

பயத்தையும் வலி மாதிரியே மதிக்க வேண்டும். அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ் உலகத்திலேயே பேர்போன வீராங்கனை. டோக்கியோ ஒலிம்பிக் 2021-ல் நடந்தபோது, 'காற்றில் சுழலும்போது நான் எங்கே இருக்கிறேன் என்று தெரியவில்லை' என்று சொல்லிக் குழுப் போட்டியின் நடுவிலேயே விலகிக்கொண்டார். எத்தனை பேர் ஏசினார்கள்! அவர் பொறுமையாக ஓய்வெடுத்து, 2024-ல் பாரிஸில் மூன்று தங்கம் வாங்கினார். அவருக்கே அப்படி என்றால், பதினொரு வயதுப் பிள்ளை "பயமா இருக்கும்மா" என்றால் அது சாக்கு இல்லை.

அத்தை சொன்ன 'பெரிய மனுசி' விஷயம். நிறைய ஆடுகிற பெண்கள் கொஞ்சம் தாமதமாக வயதுக்கு வருவது உண்டு. 15 வயதாகியும் வராவிட்டாலும், வந்தபின் மூன்று மாதம் தொடர்ந்து நின்றுபோனாலும் டாக்டரிடம் போக வேண்டும். 'ஆடறதாலதான்' என்று இருந்துவிடக் கூடாது. வயதுக்கு வந்ததும் உயரம், இடுப்பு, எடை எல்லாம் மாறும். நேற்று வந்த கரணம் இன்று வராமல் போகலாம். அது தற்காலிகம்தான்.

இன்னொன்றையும் கூச்சப்படாமல் பேசிவிடுவோம். கரணம் சொல்லிக் கொடுக்கும்போது மாஸ்டர் முதுகையும் இடுப்பையும் பிடித்துத்தான் ஆக வேண்டும். எது தாங்கிப் பிடிப்பது, எது தப்பான தொடுகை என்று குழந்தைக்கு முதலிலேயே சொல்லிவையுங்கள். பயிற்சி நடக்கும் இடத்தில் பெற்றோர் உட்கார்ந்து பார்க்க அனுமதி இருக்க வேண்டும். தனி வகுப்பு, தனிப் பயணம் வேண்டாம். தப்பு நடந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. அதை என் மகளுக்கு மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன்.

அகர்தலாவின் பெண்

மனசு தளரும்போது நான் மகளுக்குச் சொல்லும் கதை தீபா கர்மாகர். திரிபுராவின் அகர்தலாவில் 1993-ல் பிறந்தவர். பாதம் தட்டை! ஜிம்னாஸ்டிக்ஸுக்குத் தட்டைப் பாதம் பெரிய குறை. பயிற்சியாளர் விஸ்வேஸ்வர் நந்தி அவசரப்படாமல் அவரை ஒவ்வொரு படியாக ஏற்றினார். 2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டில் வெண்கலம். 2016-ல் ரியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்று, அப்படிப் போன முதல் இந்தியப் பெண் ஜிம்னாஸ்ட் ஆனார். வால்ட்டில் 0.15 புள்ளியில் வெண்கலம் தவறி நாலாவது இடம். ஊர் திரும்பியதும் எம்.ஏ. பரீட்சை எழுதப் போய்விட்டார்! அடுத்த வருடம் முழங்காலில் ஆபரேஷன். அதற்கப்புறமும் விடாமல் 2024 மே மாதம், 30 வயதில், ஆசியப் போட்டியில் தங்கம் வாங்கிவிட்டுத்தான் அந்த அக்டோபரில் ஓய்வு பெற்றார்.

இதில் அம்மாக்களுக்கு ஒரு சேதி இருக்கிறது. 1976-ல் மாண்ட்ரீலில் ருமேனியாவின் நாடியா கொமனேச்சி பத்துக்குப் பத்து வாங்கியபோது அவருக்கு 14 வயது. அந்தக் காலம் மலையேறிவிட்டது. 1997 முதல், பெண்கள் 16 வயது ஆகும் வருடத்தில்தான் ஒலிம்பிக் போன்ற பெரிய போட்டிகளில் இறங்க முடியும். பதினொரு வயதுக்கு அப்படி என்ன அவசரம்?

விடுதியில் தங்கிப் பயில ஆசைப்படும் பிள்ளைகளுக்கு, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் 7, 8, 9, 11 ஆகிய வகுப்புகளுக்குத் தேர்வு நடத்திச் சேர்க்கிறார்கள். எந்த விளையாட்டுக்கு எங்கே இடம் என்று நாமக்கல்லில் உள்ள மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம். மற்ற மாவட்டத்தினர் தங்கள் ஊர் அலுவலகத்தை அணுகலாம். எங்களுக்கு இப்போதைக்கு வீட்டிலிருந்தே போய்வருவதுதான் வசதி. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால் அந்தச் செலவும் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை

சென்ற வருடம் சின்னவளுக்குப் புதுப் பிரிவில் முதல் போட்டி. ஞாயிற்றுக்கிழமை போட்டி, உடுப்பு தைத்து, பெயர் கொடுத்து, எல்லாம் தயார். வெள்ளிக்கிழமை ராத்திரி அடுப்படியில் வந்து நின்றாள்.

"அம்மா... வலது மணிக்கட்டு வலிக்குது. நாலு நாளாச்சு. சொன்னா நீ திட்டுவியோன்னு..."

என் வாயில் 'ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோ கண்ணு' என்ற வார்த்தை வந்துவிட்டது. உண்மையாகவே நுனிநாக்கு வரை! அதற்குள் கூடத்தில் இருந்து அத்தை குரல் கொடுத்தார்: "போட்டி அடுத்த வருசமும் வரும். கை வருமா?"

சனிக்கிழமை எலும்பு டாக்டரிடம் போனோம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "நல்ல நேரத்துல வந்தீங்க. நாலு வாரம் கை ஊன்றக் கூடாது" என்றார். அந்த நாலு வாரமும் மாஸ்டர் அவளைச் சும்மா உட்கார வைக்கவில்லை. கோட்டில் நடப்பது, கால் பலம், குதித்து முழங்காலை மடக்கிச் சரியாகத் தரையில் இறங்குவது, இதையே பழக்கினார். கை சரியாகித் திரும்பியபோது முன்னைவிட அழகாக இறங்கினாள்.

போட்டி நாளன்று அழுதாள். நானும் அவளுக்குத் தெரியாமல் அழுதேன். ஆனால் ஒரு சந்தோஷம். ஒரு இட்லியைச் சாப்பிட்டுவிட்டு வாய் திறக்காமல் இருந்த அதே குழந்தை, தயங்கியாவது வந்து 'வலிக்குது' என்று சொல்லிவிட்டதே! அடுத்த முறை நாலு நாள் காத்திருக்க மாட்டாள்.

சகோதரிகளே, நம் பிள்ளைகளை மேல்படிக்கு ஏற்றுவது மாஸ்டரின் வேலை. ஏறுவது பிள்ளையின் வேலை. நம் வேலை வயிறு நிறையச் சோறு, கண் நிறையத் தூக்கம், வலியையும் பயத்தையும் தைரியமாக வந்து சொல்ல ஒரு அடுப்படி. இவ்வளவுதான். பத்தாவது படித்த நானே கற்றுக்கொண்டுவிட்டேன். உங்களால் முடியாதா என்ன?

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கூடத்தில் ஏதோ சத்தம்... பயப்படாதீர்கள், 'தொம்' இல்லை. சாக்பீஸ் கோட்டில் பேத்தி நடக்கிறாள். பக்கத்தில் நின்று பாட்டி எண்ணுகிறார்!